வண்டி ஆன்டெனா எங்கே நிற்க வேண்டும்: அறிகுறியை வைத்துப் பிழை தேடும் வழி

வண்டியில் ரேடியோ சரியாகப் பேசவில்லை என்றால் முதல் சந்தேகம் ரேடியோ மேல் விழுகிறது, அடுத்தது கேபிள் மேல். ஆன்டெனா எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதைக் கடைசியாகத்தான் பார்க்கிறோம். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் நேரமும் மிச்சம், பணமும் மிச்சம். நிற்கும் கம்பி பாதி ஆன்டெனாதான். அதன் அடியில் விரிந்திருக்கும் தகடு மீதிப் பாதி. கம்பியைக் கடையில் வாங்கலாம், தகட்டை நீங்கள் பொருத்தும் இடம்தான் தர வேண்டும்.

கீழே உள்ள அளவுகள் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான 2 மீட்டர் அமெச்சூர் (வி.எச்.எஃப்) பட்டைக்கும், 434 முதல் 438 வரையிலான யு.எச்.எஃப் பட்டைக்கும், 25 முதல் 50 வாட் தரும் வண்டி ரேடியோவுக்கும் ஆனவை. ஆம்புலன்ஸ், எஸ்டேட் ஜீப், டாக்சி என்று எந்த வி.எச்.எஃப் ரேடியோவானாலும் முறை இதுவே, நீளம் மட்டும் மாறும். கால் அலைக் கம்பியின் (அலைநீளத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு உள்ள கம்பி) நீளம் மீட்டரில் வேண்டுமானால் 71.5-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுங்கள். 145-க்கு 49.3 செ.மீ., 160-க்கு 44.7 செ.மீ., 436-க்கு 16.4 செ.மீ. வரும்.

கையில் இருக்க வேண்டியவை: எஸ்.டபிள்யூ.ஆர் மீட்டர் (ஆன்டெனா ஏற்காமல் சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டுவது, 1 என்றால் எதுவும் திரும்பவில்லை; அதையே தானாகச் சிறு சிக்னல் அனுப்பி அளக்கும் நானோ வி.என்.ஏ இருந்தால் இன்னும் நல்லது), மல்டிமீட்டர், 50 ஓம் டம்மி லோட் (ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் சோதனைச் சுமை), அரை மீட்டர் நீளத்தில் நம்பகமான பேட்ச் கேபிள் ஒன்று.

அளப்பதற்கு முன்

வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். தகரக் கொட்டகைக்குள்ளோ, அப்பார்ட்மென்ட் பேஸ்மென்ட்டிலோ எடுக்கும் அளவுக்கு மதிப்பில்லை. கதவு, டிக்கி, பானட் எல்லாம் மூடியிருக்கட்டும். ஆன்டெனாவை எட்டிப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் யாரும் நிற்க வேண்டாம், ஒரு மனித உடலே மீட்டர் முள்ளை அசைத்துவிடும்.

முதலில் ரேடியோவின் பின்பக்கம் பேட்ச் கேபிள், மீட்டர், டம்மி லோட் என்று மாட்டிப் பாருங்கள். 1.2-க்குள் காட்டினால் மீட்டரும் பேட்ச் கேபிளும் நலம். அங்கேயே அதிகம் காட்டினால் வண்டியைத் தொடவே வேண்டாம், மீட்டரையும் பேட்ச் கேபிளையும் முதலில் சரிசெய்யுங்கள்.

அறிகுறி: பொருத்திய உடனே எஸ்.டபிள்யூ.ஆர் 3-க்கு மேல்

பேசுவதை நிறுத்துங்கள். 3 என்றால் அனுப்பும் சக்தியில் கால் பங்கு திரும்பி வருகிறது. நல்ல ரேடியோ தானாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும், பழைய ரேடியோவில் அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும்.

மல்டிமீட்டரில் மூன்று அளவு எடுங்கள். கம்பியைக் கழற்றிவிட்டு, கேபிளின் நடு ஊசிக்கும் வெளிப் பின்னலுக்கும் இடையே பாருங்கள். தொடர்பே இருக்கக் கூடாது. இருந்தால் கனெக்டருக்குள் பின்னலின் ஒரு இழை நடுக்கம்பியைத் தொடுகிறது. பி.எல்-259 (கேபிள் முனையில் மாட்டும் கனெக்டர்) பற்றவைக்கும்போது சூட்டில் உள்ளே பிளாஸ்டிக் உருகிச் சாய்ந்திருந்தாலும் இதே நிலைதான். அடுத்து, நடு ஊசியை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பாருங்கள். ஒரு ஓமுக்குள் வர வேண்டும். மூன்றாவது, மவுண்ட்டின் (ஆன்டெனாவை வண்டியில் பிடித்து நிறுத்தும் அடிப்பகுதி) வெளிப்பக்கத்துக்கும் வண்டியின் வெறும் உலோகத்துக்கும் இடையே. கதவுக் கீலின் போல்ட்டோ சீட் பெல்ட் போல்ட்டோ இதற்கு வசதி. ஓட்டை போட்டுப் பொருத்தியது, டிக்கி ஓரத்தில் கவ்வியது, பிராக்கெட்டில் நிற்பது எதுவானாலும் இங்கே ஒரு ஓமுக்குள் காட்ட வேண்டும்.

இரண்டு விதிவிலக்குகளை நினைவில் வையுங்கள். அடியில் சுருள் உள்ள ஐந்து-எட்டு அலை (அலைநீளத்தில் 5/8 பங்கு) ஆன்டெனாவை மாட்டிய நிலையில் அளந்தால் நடு ஊசியும் பின்னலும் ஷார்ட் என்று காட்டலாம். அதன் மேட்சிங் சுருளே அப்படித்தான் கட்டப்பட்டது, பதற வேண்டாம். காந்த மவுண்ட்டில் பின்னலுக்கும் பாடிக்கும் இடையே தொடர்பு காட்டாது. அதுவும் இயல்பே. காந்தத்தின் அடித்தட்டும் கூரைத் தகடும் நடுவில் பெயின்ட்டை வைத்துக்கொண்டு ஒரு கெப்பாசிட்டராக வேலை செய்கின்றன.

அந்தக் கெப்பாசிட்டரின் அளவைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 9 செ.மீ. விட்டமுள்ள காந்த அடி, பெயின்ட்டும் ரப்பர் உறையும் சேர்ந்து கால் மில்லிமீட்டர் சொச்சம் இடைவெளி என்றால், 145 மெகாஹெர்ட்ஸில் சுமார் 2 ஓம்தான் தடை. பாடி எர்த் இருப்பதாகவே கொள்ளலாம். அதே இடைவெளியில் 3 செ.மீ. அடி கொண்ட குட்டிக் காந்தம் என்றால் தடை 15 முதல் 20 ஓம் வரை போய்விடும், எஸ்.டபிள்யூ.ஆர் நிலையாக நிற்காது. 27 மெகாஹெர்ட்ஸ் சி.பி. (பொதுமக்கள் பட்டை) ரேடியோவில் 9 செ.மீ. காந்தமே 10 ஓம் காட்டும். கூரையில் வினைல் ஒட்டிய வண்டிகளில் இடைவெளி கூடி நிலைமை மோசமாகும். குட்டிக் காந்தங்கள் கையடக்க ரேடியோவின் 5 வாட்டுக்குத் தற்காலிகமாகப் போதும், நிரந்தர ஏற்பாட்டுக்கு அவற்றை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

டிக்கி ஓரத்திலோ பானட் ஓரத்திலோ கவ்வும் மவுண்ட் என்றால் பிழை இருக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றே ஒன்று. டிக்கி மூடியைத் தூக்கி, மவுண்ட்டைக் கழற்றி, ஓரத்தின் அடிப்புறத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு சிறிய ஆலன் திருகுகளின் முனை பதிந்த தடம் தெரியும். தடத்தின் நடுவில் கடுகளவு வெள்ளித் தகடு மின்னினால் திருகு உலோகத்தைத் தொட்டிருக்கிறது. சாம்பல் நிறப் பிரைமர் மட்டும் தெரிந்தால், அது பெயின்ட்டை அழுத்திப் பள்ளமாக்கியதோடு நின்றுவிட்டது. அந்தக் கடுகளவு இடத்தில்தான் உங்கள் ஆன்டெனாவின் பாதி தொங்குகிறது. உப்புத்தாளால் அந்த இரு புள்ளிகளை மட்டும் தேய்த்து, திருகை மறுபடி இறுக்கி, துரு பிடிக்காமல் மேலே கொஞ்சம் வாஸலின் தடவுங்கள்.

அதோடு வேலை முடியவில்லை. டிக்கி மூடியும் பானட்டும் பாடியோடு சேர்வது கீல் வழியாக. கீலில் கிரீஸ், பெயின்ட், பிளாஸ்டிக் புஷ் எல்லாம் இருக்கும். மல்டிமீட்டரில் பூஜ்ஜியம் காட்டும் கீல்கூட வி.எச்.எஃப்-க்கு எர்த் ஆகாது. 12 மி.மீ. அகலப் பின்னல் செம்புப் பட்டை ஒன்றை 15 செ.மீ.-க்கு மிகாமல் வெட்டி, இரு முனையிலும் ரிங் டெர்மினல் வைத்து, மூடிக்கும் பாடிக்கும் இடையே போல்ட் போடுங்கள். இரண்டு கீல் பக்கமும் போட்டால் நல்லது. நீளமான சாதாரண வயர் இதற்கு உதவாது, அந்த அலைவரிசையில் அது சுருள்போல நடந்துகொள்ளும்.

எர்த் சரியாக இருந்தும் 3 என்றால் கம்பியின் நீளம். பட்டையின் இரு முனையிலும் அளந்து பாருங்கள். 144-ல் குறைவாகவும் 146-ல் அதிகமாகவும் இருந்தால் கம்பி நீளமாக இருக்கிறது, வெட்ட வேண்டும். மாறாக இருந்தால் கம்பி குட்டை. 2 மீட்டரில் 1 மெகாஹெர்ட்ஸ் நகர ஏறக்குறைய மூன்றரை மில்லிமீட்டர் போதும், ஆகவே ஒரு தடவைக்கு 2 மி.மீ.-க்கு மேல் வெட்டாதீர்கள். ஆன்டெனாவை அது நிரந்தரமாக நிற்கப்போகும் இடத்தில் வைத்தே வெட்டுங்கள். கூரையில் வைத்து வெட்டிய கம்பியைப் பம்பருக்கு மாற்றினால் அளவு மறுபடி ஓடிவிடும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பரந்த தகட்டின் நடுவில் நிற்கும் கால் அலைக் கம்பியின் இயல்பான தடை 36 ஓம் அளவில் இருக்கும். 50 ஓம் கேபிளோடு சேரும்போது எஸ்.டபிள்யூ.ஆர் 1.4 வரும். 1.4 வந்ததே என்று வருந்தி, இடத்தை மாற்றி, ஓரத்துக்குக் கொண்டுபோய் 1.1 ஆக்கி மகிழ்பவர்கள் உண்டு. அவர்கள் நல்ல இடத்தைக் கொடுத்து அழகான எண்ணை வாங்கியிருக்கிறார்கள். 1.5-ல் திரும்பி வருவது 4 சதவீதம்தான், எதிர்முனையில் காது அதைக் கண்டுபிடிக்காது.

அறிகுறி: எஸ்.டபிள்யூ.ஆர் நன்றாக இருக்கிறது, யாருக்கும் கேட்கவில்லை

மீட்டர் ரேடியோவின் பக்கத்தில் இருப்பதால் இழப்பு மிகுந்த கேபிள் அதை ஏமாற்றும். போகும்போது பாதி சக்தியைக் கேபிள் தின்று, திரும்பி வரும்போது மீதியிலும் பாதியைத் தின்றால், மீட்டர் “எல்லாம் நலம்” என்றுதான் சொல்லும்.

கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. ஆன்டெனா முனையைக் கழற்றித் திறந்து வைத்து, ரேடியோ முனையில் நானோ வி.என்.ஏ வைத்து 145-ல் எஸ்.டபிள்யூ.ஆர் பாருங்கள். 5 மீட்டர் ஆர்.ஜி-58 (பரவலாகப் பயன்படும் 50 ஓம் கேபிள் வகை) நல்ல நிலையில் இருந்தால் 8 அல்லது 9 காட்டும். 3 காட்டினால் அந்தக் கேபிளில் 3 டெசிபல் போகிறது, அதாவது பாதி சக்தி. 2 காட்டினால் மூன்றில் ஒரு பங்குதான் மேலே போய்ச் சேருகிறது. திறந்த முனையில் எண் குறையக் குறைய கேபிள் கெட்டது என்று பொருள். ரேடியோவை அழுத்தி இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், நானோ வி.என்.ஏ-வில் மட்டும்.

ஆர்.ஜி-58-ல் 145 மெகாஹெர்ட்ஸில் 5 மீட்டருக்கு ஏறத்தாழ 1 டெசிபல் போகும், யு.எச்.எஃப்-ல் அது கிட்டத்தட்ட இரண்டாகும். காந்த மவுண்ட்களோடு வரும் மெல்லிய ஆர்.ஜி-174-ல் இழப்பு இதைப் போல இரு மடங்கு. கதவிடுக்கில் எளிதாக நுழைகிறது என்பதற்காகவே அதை வைக்கிறார்கள். கேபிள் மிச்சமானால் சீட்டுக்கு அடியில் சுருட்டி வைக்காமல் வெட்டிக் கனெக்டர் போடுங்கள். குறிப்பிட்ட நீளம் இருந்தால்தான் வேலை செய்யும் என்பது தவறான நம்பிக்கை. நீளத்தை மாற்றினால் எஸ்.டபிள்யூ.ஆர் மாறுகிறது என்றால், கேபிளின் வெளிப்பின்னலே ஆன்டெனாவின் பாகமாகிவிட்டது. அப்போதும் பிழை பாடி எர்த்தில்தான்.

யு.எச்.எஃப்-ல் மட்டும் இந்த அறிகுறி என்றால் கம்பி எது என்று பாருங்கள். 2 மீட்டருக்கான 49 செ.மீ. கம்பி 435 பக்கத்தில் முக்கால் அலையாகிப் பொருந்திவிடும். எஸ்.டபிள்யூ.ஆர் அழகாக இருக்கும், ஆனால் அலையில் பெரும்பங்கு அடிவானத்தை விட்டு மேல்நோக்கிப் போகும். இரட்டைப் பட்டைக்கென்று செய்த ஆன்டெனா மாட்டுவதே தீர்வு.

அறிகுறி: ஒரு திசையில் நன்றாகக் கேட்கிறது, வண்டியைத் திருப்பினால் மறைந்துவிடுகிறது

இதுதான் பொருத்திய இடம் நேரடியாகப் பேசும் அறிகுறி. கேபிளையும் கனெக்டரையும் விட்டுவிட்டு ஆன்டெனா நிற்கும் இடத்தைப் பாருங்கள்.

முதலில் உண்மையா என்று உறுதி செய்யுங்கள். பெரிய மைதானத்தில் வண்டியை நிறுத்தி, 3 முதல் 5 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒரு நிலையத்தை ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) இல்லாமல் நேரடியாகப் பேசச் சொல்லுங்கள். அவர் சக்தியைக் குறைத்து, உங்களுக்குக் கரகரப்போடு கேட்கும் எல்லைக்குக் கொண்டு வரட்டும். அதே புள்ளியில் ஆன்டெனா நிற்கும்படி வண்டியை 45 பாகை வீதம் எட்டு நிலைகளில் திருப்பி, ஒவ்வொன்றிலும் எப்படிக் கேட்கிறது என்று எழுதுங்கள். ஒவ்வொரு நிலையிலும் அரை மீட்டர் முன்னும் பின்னும் நகர்ந்து, நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே எழுதுங்கள். எதிரொலிப்பால் ஒரு மீட்டருக்குள்ளேயே சிக்னல் ஏறி இறங்கும், அதை இடத்தின் குறை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பொதுவான நியதி இது: ஆன்டெனாவிலிருந்து எந்தப் பக்கம் அதிகத் தகடு விரிந்திருக்கிறதோ அந்தப் பக்கம் அலை பலமாகப் போகும். கூரையின் இடது பின்மூலையில் வைத்தால் வலது முன்பக்கம் பலம். டிக்கியில் வைத்தால் முன்பக்கம் பலம். ஆனால் இது தகடு கம்பியின் அடிக்குக் கீழே இருக்கும்வரைதான். கம்பியை மறைத்துக்கொண்டு தகடு நின்றால் அது நிழல்.

கூரையின் நடு. இதைவிட நல்ல இடம் வண்டியில் இல்லை. எல்லாத் திசையிலும் கால் அலை, அதாவது 2 மீட்டருக்குச் சுமார் 50 செ.மீ. தகடு தேவை. சாதாரணக் காரின் கூரை அகலம் ஒரு மீட்டரைத் தாண்டும், போதும். உள்ளே இருப்பவர்களுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில் உலோகத் தகடு இருப்பதால் உடல்நலப் பாதுகாப்புக்கும் இதுவே நல்லது. யு.எச்.எஃப்-க்குச் சுற்றிலும் 17 செ.மீ. தகடே போதும் என்பதால் கூரையின் பின்பகுதியிலும் அது நன்றாக வேலை செய்யும்.

சன்ரூஃப் உள்ள வண்டிகளில் நடு என்பதே கண்ணாடி. பின்னால் மிச்சமுள்ள தகட்டுப் பட்டையில் வைக்கலாம், பின்பக்கம் சற்றுப் பலவீனமாக இருக்கும் என்று தெரிந்தே வையுங்கள். கூரை முழுக்கக் கண்ணாடி என்றாலோ, ஆம்புலன்ஸ் உடற்பகுதி ஃபைபரில் கட்டியது என்றாலோ கால் அலைக்கு அங்கே இடமில்லை. இரண்டு வழி உண்டு: உள்ளே குறைந்தது ஒரு மீட்டர் சதுர அலுமினியத் தகடு பொருத்தி மவுண்ட்டின் எர்த்தை அதோடு சேர்ப்பது, இல்லையென்றால் தகடு தேவைப்படாத அரை அலை ஆன்டெனா. அலுமினியக் கூரையில் தகடு வேலை செய்யும், காந்தம்தான் ஒட்டாது.

கேரியர் உள்ள கூரை. கேரியர் கம்பிகள் ஆன்டெனாவுக்கு அரை மீட்டருக்குள் வந்தால் எஸ்.டபிள்யூ.ஆர் மாறும், திசையும் மாறும். கேரியரின் மேலேயே பொருத்தினால் கம்பி உயரத்தில் நிற்கும், ஆனால் எர்த் கேரியரின் ரப்பர் கால்களில் அறுந்துவிடும். இதற்கும் அரை அலைதான் பொருத்தம்.

பானட்டின் பின் ஓரம். வைப்பதும் எடுப்பதும் வசதி, கேபிள் குட்டை, ஆனால் முன் கண்ணாடித் தூணும் கூரையும் ஒரு பக்கம் நிழல் போடும். இந்த இடத்தில் ஐந்து-எட்டு அலையோ அரை அலையோ வைத்தால் கம்பியின் மேற்பகுதி கூரையைத் தாண்டி எழும். கால் அலைக் குட்டைக் கம்பி கூரை மட்டத்துக்கே எட்டாது.

பம்பர், புல்பார். ஜீப்பில் கம்பீரமாகத் தெரியும் இடம், ரேடியோவுக்கு மிகப் பலவீனமான இடம். முன் பம்பரில் வைத்தால் வண்டியின் மொத்த உடலும் பின்திசைக்குச் சுவர். 27 மெகாஹெர்ட்ஸுக்கான இரண்டரை மீட்டர் கம்பிக்கு வேறு இடமே இருக்காது, அங்கே இதை ஏற்கலாம். 2 மீட்டருக்கு ஏற்க வேண்டியதில்லை. வேறு வழியே இல்லையென்றால் அரை அலை ஆன்டெனா, புல்பாரின் மேல்கம்பியில், முடிந்த அளவு உயரத்தில்.

பழைய ஜீப், வேன்களில் கூரை ஓரத்தில் மழைநீர் ஓடும் விளிம்பு இருந்தால் அதில் கவ்வும் மவுண்ட் நல்ல சமரசம். உயரம் கிடைக்கும், ஓட்டை வேண்டாம். திருகு பெயின்ட்டைத் துளைக்க வேண்டும் என்ற விதி அங்கேயும் உண்டு.

ஓட்டை போட அஞ்ச வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. பத்து வருடம் வைத்திருக்கப்போகும் வண்டிக்கு என்.எம்.ஓ மவுண்ட்டுக்கான (தகட்டில் ஓட்டை போட்டுப் பதித்து, மேலே ஆன்டெனாவைத் திருகும் வகை) 19 மி.மீ. ஓட்டை மற்ற எல்லாவற்றையும்விடச் சுத்தமான தீர்வு. உள்விளக்கைக் கழற்றி அதன் வழியே கையை விட்டு, கூரையின் குறுக்குச் சட்டங்கள் எங்கே ஓடுகின்றன என்று தடவிப் பார்த்த பிறகே புள்ளி வையுங்கள். ஹோல் சாவில் ஆழத் தடுப்பு கட்டாயம், இல்லாவிட்டால் கூரை தாண்டியதும் உள்துணியைக் கிழித்துவிடும். மேலே பெயின்ட் அப்படியே இருக்கட்டும், ரப்பர் வளையம் அதன் மேல்தான் நீரைத் தடுக்கும். அடியில் மவுண்ட்டின் பற்கள் கடிக்கும் வட்டத்தை மட்டும் சுரண்டுங்கள். வெட்டிய இரும்புத் தூளைத் துணியால் துடைக்காமல் வேக்குவத்தால் உறிஞ்சுங்கள். பெயின்ட் மேல் தங்கிய தூள் கடற்கரை ஊர்க் காற்றில் சீக்கிரமே துருப்புள்ளிகளாகிவிடும். கேபிளைத் தூண் வழியே இறக்கும்போது கர்ட்டன் ஏர்பேக் உள்ள வண்டி என்றால் அதன் பின்புறமாகவே போகட்டும். ஏர்பேக் விரியும் பாதையின் குறுக்கே கேபிள் கிடக்கக் கூடாது. இந்த ஒரு வேலைக்கு அந்த வண்டியின் டிரிம் கழற்றத் தெரிந்தவரைக் கூப்பிடுவதில் தவறில்லை.

அறிகுறி: நின்றால் சரி, ஓடினால் விட்டுவிட்டுக் கேட்கிறது

இரண்டு காரணங்கள், இரண்டும் வேறு வேறு. சிக்னல் வேகத்துக்கேற்ப படபடவென்று துடித்தால் அது எதிரொலிப்பு. 2 மீட்டரில் ஏறக்குறைய மீட்டருக்கு ஒரு பள்ளம், மணிக்கு 60 கிலோமீட்டரில் நொடிக்குப் பதினாறு துடிப்பு. பலவீனமான இடத்தில் எந்த வண்டிக்கும் இது வரும், இதற்காக எதையும் கழற்ற வேண்டாம். ஐந்து-எட்டு அலை போன்ற ஒன்றேகால் மீட்டர்க் கம்பி காற்றில் பின்னால் சாய்ந்து ஆடினால் துடிப்பு கூடும். நெடுஞ்சாலையில் கம்பியின் சாய்வைப் பின்னால் வரும் வண்டியிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். அடியிலுள்ள ஸ்பிரிங் தளர்வாக இருந்தால் மாற்ற வேண்டும்.

வேகத்துக்குத் தொடர்பில்லாமல் குழியில் இறங்கும்போதும் கதவை அடிக்கும்போதும் வெட்டினால் அது தொடர்பு விட்டுவிட்டுப் போவது. ஒருவர் நானோ வி.என்.ஏ திரையைப் பார்க்க, இன்னொருவர் கேபிளை ஒரு முனையிலிருந்து சாண் சாணாக அசைத்து வரட்டும். கோடு துள்ளும் இடமே பிழை. கதவு ரப்பரில் நசுங்கும் இடம், டிக்கிக் கீலில் மடங்கும் இடம், கனெக்டரின் கழுத்து என்று மூன்று இடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும். நசுங்கிய கேபிளை டேப் சுற்றிச் சமாளிக்க முடியாது. உள்ளே நடுக்கம்பி ஓரத்துக்கு நகர்ந்துவிட்டது, கேபிளை மாற்றியே ஆக வேண்டும்.

அறிகுறி: எஞ்சின் போட்டால் இரைச்சல்

கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஆன்டெனா கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றுங்கள். இரைச்சல் அப்படியே இருந்தால் அது பவர் வயர் வழியே வருகிறது, ஆன்டெனாவின் இடத்தை மாற்றிப் பயனில்லை. இரைச்சல் நின்றுவிட்டால் ஆன்டெனாதான் அதைப் பிடிக்கிறது.

ஆக்சிலரேட்டரோடு சுருதி ஏறும் சீழ்க்கை ஆல்டர்னேட்டர். சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்து கரன்ட் எடுத்தால் இது கிட்டத்தட்ட உறுதி. 50 வாட் ரேடியோ பேசும்போது 10 முதல் 12 ஆம்பியர் இழுக்கும், அந்த சாக்கெட் அதற்கு ஆனதல்ல. 4 சதுர மி.மீ. வயர் ஜோடியைப் பாட்டரியிலிருந்து நேராக இழுங்கள், பாசிட்டிவ் ஃபியூஸ் பாட்டரிக்கு ஒரு சாணுக்குள் இருக்கட்டும். நெகட்டிவ் முனையில் பாட்டரி சென்சார் வைத்த புது வண்டிகளில் ரேடியோவின் நெகட்டிவை பாட்டரி முனையில் மாட்டாமல், பாட்டரியின் எர்த் வயர் பாடியில் போல்ட் ஆகும் இடத்தில் மாட்ட வேண்டும். இல்லையென்றால் சென்சாரின் கணக்கு தப்பும். நெகட்டிவ் வயர் தளர்ந்து கிடந்தால் ரேடியோவின் முழுக் கரன்டும் ஆன்டெனா கேபிளின் பின்னல் வழியே திரும்பும், கேபிள் சூடாகும். இதை அவசியம் இழுத்துப் பாருங்கள்.

ஆன்டெனா பிடிக்கும் இரைச்சல் என்றால், டிக்டிக் என்று எஞ்சின் வேகத்தோடு ஓடுவது பெட்ரோல் வண்டியின் ஸ்பார்க். டீசலில் ஸ்பார்க் பிளக் கிடையாது, அங்கே இந்த ஓசை வந்தால் வேறெங்காவது தேட வேண்டும். சாவி திருப்பியதுமே மாறாமல் ரீங்கரிப்பது ஃபியூயல் பம்ப். எஞ்சினே இல்லாமல் சீராகச் ‘சர்ர்’ என்று பட்டை முழுவதையும் மூடுவது டேஷ்கேம், யு.எஸ்.பி சார்ஜர், மலிவான எல்.இ.டி விளக்கு இவற்றில் ஒன்று. மிகவும் மெலிதாகக் கேட்கும் ஒரு நிலையத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள், குற்றவாளி தானே தெரியும். முன் கண்ணாடியில் ஒட்டிய டேஷ்கேமுக்கும் பானட் ஆன்டெனாவுக்கும் இடையே ஒரு மீட்டர்கூட இருக்காது, நடுவில் வெறும் கண்ணாடி. அதே ஆன்டெனாவைக் கூரைக்கு மாற்றினால் தகடே திரையாகிறது. எஞ்சின் இரைச்சலுக்கும் இதே காரணத்தால் கூரை நல்லது, பானட் கெட்டது.

அறிகுறி: பேசும்போது இண்டிகேட்டர் மின்னுகிறது, ஸ்பீக்கர் உறுமுகிறது

எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ பிரேக், ஸ்டியரிங் சம்பந்தமான எதுவும் மாறினாலோ ஓடும் வண்டியில் மறுபடி அழுத்திச் சோதிக்காதீர்கள். நிறுத்தி, குறைந்த சக்தியில் பாருங்கள். அநேகமாகக் காரணம் ஆன்டெனா வண்டியின் வயரிங் கட்டுக்குப் பக்கத்தில் நிற்பது, அல்லது எர்த் சரியில்லாமல் கேபிளின் வெளிப்புறமே அலை வீசுவது. பாடி எர்த்தை முதலில் சரிசெய்து, ஆன்டெனாவைக் கூரைக்கு நகர்த்துங்கள். கேபிளை வண்டியின் வயரிங் கட்டோடு சேர்த்துக் கட்டாமல், குறுக்கிட வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்க விடுங்கள். அதற்கும் மிஞ்சினால் மவுண்ட்டின் அடியில் கேபிள் மீது 43 வகை ஃபெரைட் கவ்விகள் நாலைந்து போடலாம். வண்டியின் கையேட்டில் ரேடியோ பொருத்துவது பற்றி ஒரு பக்கம் இருந்தால் அதில் சொன்ன இடமும் சக்தி அளவுமே இறுதி.

அறிகுறி: மழைக்குப் பிறகு மோசமாகிறது

பி.எல்-259 நீர் புகாத கனெக்டர் அல்ல. வெளியே நிற்கும் எந்த இணைப்பும் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால், கீழிருந்து மேலாக, பாதிக்குப் பாதி ஏறும்படி சுற்றப்பட்டிருக்க வேண்டும். கேபிள் வண்டிக்குள் நுழையுமுன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும், நீர் அங்கே சொட்டிவிடும்.

சந்தேகம் இருந்தால் கனெக்டரிலிருந்து 5 செ.மீ. தள்ளி உறையைக் கீறிப் பாருங்கள். பின்னல் செம்பு புதுக் காசுபோல இருந்தால் நல்லது. கறுத்து, விரலில் மை ஒட்டினால் நீர் நுண்குழாயில் ஏறுவதுபோல ஏறியிருக்கிறது. வெட்டி வெட்டிப் பளபளப்பான இடம் வரும்வரை போங்கள், ஒரு மீட்டருக்குள் வராவிட்டால் கேபிளைத் தூக்கி எறியுங்கள்.

காந்த மவுண்ட் வைத்திருப்பவர்கள் வாரம் ஒருமுறை அதைத் தூக்கி அடியைத் துடையுங்கள். நீரும் தூளும் சிக்கிக் கூரையில் வட்டமாகப் பெயின்ட்டைத் தின்னும்.

அறிகுறி: மலைப்பாதையில் ‘நல்ல’ ஆன்டெனா தோற்கிறது

சமவெளியில் ஐந்து-எட்டு அலை, அலையை அடிவானத்தை ஒட்டித் தட்டையாக அனுப்பித் தூரம் தரும். கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது ரிப்பீட்டர் தலைக்கு மேலே செங்குத்தான கோணத்தில் இருக்கும். அங்கே கால் அலையின் உயர்ந்து விரியும் அலைதான் அதைப் பிடிக்கும். மலையிலும் ஊருக்குள்ளும் அதிகம் ஓடும் வண்டிக்கு 49 செ.மீ. கம்பியே போதும், மரக்கிளையிலும் சிக்காது. என்.எம்.ஓ மவுண்ட்டில் இரண்டையும் மாற்றி மாற்றித் திருகிக்கொள்ளலாம், ஒவ்வொன்றும் அதே இடத்தில் வைத்து வெட்டி அளந்ததாக இருந்தால்.

அறிகுறி: இரண்டு ரேடியோ, ஒன்று பேசினால் மற்றது செவிடாகிறது

2 மீட்டரிலேயே இரண்டு ரேடியோ, ஆன்டெனாக்கள் ஒரு மீட்டர் இடைவெளியில் என்றால் நடுவில் கிடைக்கும் தடுப்பு 15 முதல் 20 டெசிபல்தான். ஒன்று 25 வாட்டில் பேசும்போது மற்றதன் உள்நுழைவில் கால் வாட்டிலிருந்து முக்கால் வாட் வரை விழும். செவிடாவது இருக்கட்டும், முன்பகுதியே எரிந்துபோகலாம். ஒரு காரின் கூரைக்குள் இடைவெளியை வைத்து இதைத் தீர்க்க முடியாது. ஒன்று பேசும்போது மற்றதை அணைத்துவிடுவது, அல்லது ஒன்றை யு.எச்.எஃப்-க்கு மாற்றி வடிகட்டி போடுவதுதான் வழி. ஒன்று வி.எச்.எஃப், மற்றது யு.எச்.எஃப் என்றால் வி.எச்.எஃப் கம்பி கூரையின் நடுவிலும், யு.எச்.எஃப் கம்பி அதற்குக் குறைந்தது 50 செ.மீ. பின்னாலும் இருக்கட்டும். நெடுங்கம்பியின் நிழலால் யு.எச்.எஃப்-க்கு முன்திசையில் கொஞ்சம் குறையும். எந்தத் திசை உங்களுக்கு அவசியமோ அதற்கேற்ப இரண்டையும் இடம் மாற்றிக்கொள்ளுங்கள். ஜி.பி.எஸ் பக்கும் (சிறு வட்ட வடிவ ஜி.பி.எஸ் ஆன்டெனா), கூரையின் பின்னால் உள்ள சுறாத்துடுப்பு ஆன்டெனாவும் இந்த இடைவெளிக் கணக்கில் சேரும். பேசும்போது வரைபடத்தில் வண்டியின் புள்ளி நின்றுவிட்டால் காரணம் இதுதான், ஜி.பி.எஸ் பக்கை டேஷ்போர்டின் முன்மூலைக்கு நகர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.